மறைப்பில் உண்மை கண்டவர்

நிலவு வானில் நகர்ந்து செல்லும்போது சில வேளைகளில் ஒரு கோளையோ விண்மீனையோ மறைத்துவிடும். வானியலார் இதனை மறைப்பு என்பர். மலாக்காவின் தோட்டப்புறத்தில் நின்றாலும் நகரத் திடலில் நின்றாலும், அரிதாக இக்காட்சியை நாம் காணக்கூடும். வெள்ளியோ வியாழனோ நிலவின் ஓரத்தை நெருங்கி மறையும். பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மறுபக்கத்தில் வெளிப்படும்.

மறைப்பு கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. ஒரு விண்மீன் நிலவுக்குப் பின்னால் செல்லும்போது அதன் ஒளி சட்டென்று மறைந்துவிடும். நிலவைச் சுற்றிக் காற்று இல்லாததே இதற்குக் காரணம். காற்று சூழ்ந்த கோளின் பின்னால் சென்றால், அவ்வொளி படிப்படியாக மங்கும். ஆகவே, ஒளி மங்கும் விதத்தை அளந்தால், நாம் எட்ட முடியாத ஓர் உலகில் காற்று உண்டா என்பதை அறியலாம். இத்தகைய ஆய்வுகள் தமிழ்நாட்டு மலையொன்றில் நடைபெற வழியமைத்தவர் வைணு பாப்பு.

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஐதராபாத்தில் உள்ள நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். அதனால், பாப்புவுக்கு இளமையிலேயே வானியலில் ஆர்வம் வேரூன்றியது. மேற்படிப்புக்காக அவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1949இல், அங்கு எடுக்கப்பட்ட வான்படம் ஒன்றில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அவ்வால்மீனின் பெயரில் பாப்புவின் பெயரும் இடம்பெற்றது. பின்னர், ஓலின் வில்சன் என்னும் அறிஞருடன் இணைந்து, விண்மீன்களின் உண்மையான ஒளியளவைக் கணிக்கும் வழியொன்றைக் கண்டறிந்தார். அது இன்றும் வில்சன்-பாப்பு விளைவு என்று அழைக்கப்படுகிறது.

அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அமெரிக்காவின் பலோமார் மலையில் இருந்தது. அங்கு ஆய்வு செய்யும் வாய்ப்பும் பாப்புவுக்குக் கிடைத்திருந்தது. இந்தியாவிலோ அதற்கு ஈடான கருவி ஒன்றுகூட இல்லை. இருந்தும், அவர் 1953இல் தாயகம் திரும்பினார். இல்லாத கருவிகளைத் தம் நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராகப் பாப்பு பொறுப்பேற்றார். அது சூரியனை ஆராய்வதில் பெயர் பெற்ற இடம். இரவு வானை ஆராய வேறோர் இடம் தேவைப்பட்டது. பல இடங்களை ஆராய்ந்தபின், ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நகர விளக்குகளின் ஒளி அங்கு எட்டவில்லை. நிலநடுக்கோட்டிற்கு ஓரளவு அருகில் இருந்ததால், தென்வானத்து விண்மீன்கள் பலவற்றையும் அங்கிருந்து காண முடிந்தது. 1968இல், கொடைக்கானல் பணிமனையில் செய்யப்பட்ட 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியுடன் காவலூரில் ஆய்வு தொடங்கியது. 1972இல், ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அங்கு நிறுவப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஓர் அரிய வாய்ப்பு வந்தது. வியாழனின் மிகப் பெரிய நிலவான கேனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும், நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அது பதிவு செய்யப்பட்டது. கேனிமீடைச் சுற்றி மெல்லிய காற்று இருக்கலாம் என்று அப்பதிவுகளைக் கொண்டு அறிஞர்கள் கருதினர். அக்காற்று அவர்கள் கணித்ததைவிட மிகமிக மெல்லியது என்பதைப் பிற்காலத்து விண்கலம் காட்டியது. ஒரு முடிவை அடுத்த ஆய்வு திருத்துவது அறிவியலின் இயல்பே.

1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சில முறை மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது இவ்வாறு அமெரிக்க ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. அன்று காவலூரிலும் அந்த ஒளி மங்கியது பதிவாகியிருந்தது.

1979இல் பாப்பு அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். எனினும், அவர் மனம் காவலூரிலேயே இருந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே உருவாக்கும் பணியை அவர் தொடங்கி வைத்திருந்தார். அது நிறைவுறும் முன்பே, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அவர் தொடங்கிய பணியை உடன் உழைத்தவர்கள் முடித்தனர். 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், அத்தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. தாம் கண்ணால் காணாத அத்தொலைநோக்கியின் வழியே, பிறர் வானைக் காண அவர் வழிவகுத்தார்.