செடிகளின் தோழி ஜானகி அம்மாள்

காலையில் நாம் பருகும் காப்பியில் இடும் சர்க்கரைக்குப் பின்னே ஒரு பெண்மணியின் உழைப்பும் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெண் விஞ்ஞானி என்றதும் மேரி கியூரி அம்மையாரையே நினைக்கிறோம். அதில் தவறில்லை. ஆயினும் சென்னையிலே பயின்று, சென்னைக்கு அருகிலேயே கண்மூடிய ஜானகி அம்மாளை மறந்துவிட்டோமே என்று வருந்தத்தான் வேண்டியிருக்கிறது.

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மலபாரின் தலைச்சேரியில் பிறந்தார். தந்தை கிருஷ்ணன் அவர்கள் ஒரு சப்-ஜட்ஜ். நீதிமன்ற வேலை போக எஞ்சிய நேரமெல்லாம் அவருக்குத் தோட்டமும் பறவைகளும்தான். பிள்ளைகள் நிறைந்த அந்தப் பெரிய வீட்டில் தந்தையின் ஆசை இந்தப் பெண்ணிடம் வந்து ஒட்டிக்கொண்டது. ஊரிலிருந்த திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியில் படித்தார் என்று அறியும்போது, கன்னியர் பள்ளியில் பயிலும் நமக்கு அவர் அக்காள் முறை ஆகிவிடுகிறார்!

பின்னர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். உடன்பிறந்த பெண்களுக்குத் திருமணம் நடந்தது போல இவருக்கும் உறவிலேயே வரன் பேசப்பட்டதாம். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், கீழை நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்டிருந்த பார்பர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1924இல் புறப்பட்டுவிட்டார். பிற்காலத்திலும் அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. தனியாகக் கடல் கடப்பது இன்றும் சில வீடுகளில் பெரிய பேச்சு என்றால், நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1931இல் அங்கேயே டாக்டர் பட்டம் பெற்றார். அவர் கலப்பின ஆராய்ச்சியில் உருவான கத்தரிச் செடி ஒன்றுக்கு ஜானகி கத்தரி என்றே பெயர் வந்தது.

திருவனந்தபுரத்தில் ஈராண்டு பேராசிரியையாக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். நம் நாட்டுக் கரும்பை இனிக்கச் செய்தவரே ஜானகி அம்மாள்தான் எனச் சிலர் எழுதுகின்றனர். அவர் மீதுள்ள அன்பினால் எழுதுவது அது. உண்மை சற்று வேறு. தித்திப்பு மிகுந்த அயல்நாட்டுக் கரும்பு நம் வட இந்திய வெயிலையும் குளிரையும் தாங்காது. ஆகவே பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும் வெங்கட்ராமன் அவர்களும் அக்கரும்பை ஆற்றோரத்து நாணலுடன் இணைத்தனர். புதிய கரும்பு 1918இலேயே வெளிவந்துவிட்டது. அந்த இணைப்பின் உள்ளே என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்ததே ஜானகி அம்மாளின் பணி. உயிரணுவுக்குள் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் நூல் போன்ற குரோமோசோம்களை அவர் எண்ணினார். நாணலில் அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் கண்டார். கரும்பைச் சோளத்தோடும், ஏன், மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார். எந்தச் செடியை எதனுடன் சேர்த்தால் பயன் உண்டு என்று அறிய இத்தகைய அறிவு வேண்டியிருந்தது. ஆனால் பெண் என்பதனாலும், அக்காலச் சமுதாயம் தாழ்வாகக் கருதிய தீயர் குலத்தில் பிறந்தவர் என்பதனாலும் அங்கே அவர் பட்ட மனவருத்தங்கள் கொஞ்சமல்ல என்று அவர் வாழ்வை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

1939இல் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னிஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் பதுங்குவார். விடிந்ததும் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார் என்று உறவினர் ஒருவர் எழுதியுள்ளார். அத்தகைய நாட்களில்தான் டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்தார். அப்பெருநூல் 1945இல் வெளிவந்தது.

அதன்பின் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் பணி. மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்ச்சிசின் என்னும் மருந்தை இட்டு, குரோமோசோம்களைப் பெருக்கினார். (நம் செங்காந்தள் கிழங்கிலும் இருப்பது இந்த நஞ்சுதான், தோழியரே, கையில் எடுத்து விளையாட வேண்டாம்!) அந்த நாற்றுகள் தடித்த இலையும் இதழும் கொண்ட மரங்களாக வளர்ந்தன. அவற்றில் ஒரு வகை ஜானகி அம்மாள் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, 1890இல் தொடங்கப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். அலகாபாத், ஜம்மு என்று பல ஊர்களில் உழைத்த பின், 1970இல் சென்னைக்கு வந்தார். பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வு மையத்தின் மதுரவாயல் வயல் ஆய்வுக்கூடமே அவருக்கு வீடும் ஆயிற்று. மருந்துச் செடிகளை வளர்த்தார். பூனைகளையும் வளர்த்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

ஓய்ந்திருக்க வேண்டிய அந்த வயதிலும் ஒரு போராட்டம் அவரை அழைத்தது. கேரளத்தில் பாலக்காட்டுக்கு அப்பால் அமைதிப் பள்ளத்தாக்கு என்ற பழங்காட்டின் நடுவே குந்திப்புழை ஓடுகிறது. அதன் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டனர். நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்டவர்களை நாம் எளிதாகக் குறை கூற முடியாது. ஆனால் எங்கோ ஆற்றோரம் கவனிப்பாரின்றிக் கிடந்த நாணல்தானே கரும்புக்கு உறுதி தந்தது? இறைவன் படைத்த எந்தக் காட்டுச் செடியில் நாளைய உணவோ மருந்தோ ஒளிந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? பயிர்களின் பரம்பரையை வாழ்நாளெல்லாம் எண்ணிப் பார்த்தவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். எண்பதை எட்டிய அம்மையார் அணையை எதிர்த்தவர்களோடு நின்றார். வெள்ளத்தில் மறையப்போகும் மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முன்வந்தார்.

1983இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள், தம் 86ஆம் வயதில், மதுரவாயலில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குந்திப்புழை அந்தக் காட்டினூடே இன்றும் அணையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.