நோயாளியாய் இருந்த போதகர்

கல்வராயன் மலைச் சிற்றூரில் ஒருவர் உறக்கம் கெட்டுத் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் நாடுவது பூசாரியை. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் அவர் போதகராகவோ அருட்தந்தையாகவோ இமாமாகவோ இருக்கலாம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்தகைய துயர வீடுகளுக்குள் தயக்கமின்றி நுழையக்கூடியவர்களும் இவர்களே. உடைந்த மனத்தை அடையாளம் காண இவர்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்? இவ்வினா எழும்போதெல்லாம் ஆன்டன் பாய்சனை நினைத்துக்கொள்கிறேன்.

1876-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர் பாய்சன். வனவியல் பயின்று, பிறகு இறையியலுக்கு வந்தார். 1920-இல் தம் சமய நம்பிக்கையை எழுத்தில் வடித்துக்கொண்டிருந்தபோது, உலகம் அழியப்போகிறது என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. பதினைந்து மாதங்கள் மனநல மருத்துவமனைகளில் கழிந்தன. அங்கே வந்த போதகர் ஒருவர், இடறச்செய்யும் கண்ணைப் பிடுங்கி எறியச் சொல்லும் விவிலியப் பகுதியை எடுத்துப் பிரசங்கித்தார். கேட்டிருந்த சக நோயாளிகளில் எவரேனும் அதை அப்படியே செய்துவிடுவாரோ என்று பாய்சன் அஞ்சினார். அந்தப் போதகர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருப்பார். தம் எதிரே இருப்பவர் யார் என்பதை அவர் அறியவில்லை, அவ்வளவே.

குணமடைந்த பாய்சன் 1924-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளரானார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர் நால்வரை அழைத்து, வார்டு உதவியாளர்களாகவே வேலை செய்யவைத்தார். நூல்களைப் போலவே நோயாளியின் வாழ்வையும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று பல நாடுகளில் நடைபெறும் மருத்துவமனைசார் அருள்பணிப் பயிற்சிக்கு அதுவே வித்து. 1930-இலும் 1935-இலும் நோய் அவருக்குத் திரும்பியது. மீண்டு பணியைத் தொடர்ந்தார். 1965-இல் மறைந்தார்.

மனச்சிதைவு சில வேளைகளில் ஆன்மா தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் போராட்டம் என்ற அவர் கருத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. நம் நாட்டில் அது மருந்தை மறுக்கும் சாக்காகிவிடக்கூடும். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறக்கலாகாது.

ஆனால் அவருடைய பயிற்சி முறை வேறு. பூசாரியை ஒதுக்கிவிட்டு மலைமக்களை மருத்துவரிடம் கொண்டுசேர்க்க இயலாது. பொருளியல் படித்தவன் என்ற முறையில் செலவையும் எண்ணிப் பார்க்கிறேன். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பூசாரிகளும் போதகர்களும் இமாம்களும் அங்கே மனநல மருத்துவரின் அருகில் சில வாரங்கள் அமர்ந்து கற்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 1925-இல் பாய்சனும் கட்டடம் கட்டித் தொடங்கவில்லை.