ஆழம் வந்தால்தான் காசு!



என் மாமா ஒரு மேஸ்திரி. சின்னச் சின்ன சப்-காண்ட்ராக்ட் எடுப்பார். ஒருமுறை அரசுக் கட்டடம் ஒன்றை, கெடுவுக்கு இரண்டு மாதம் முன்னாடியே முடித்துக் கொடுத்தார். கிடைத்த பரிசு? ஒரு டீ கூட இல்லை! அளவு எடுக்க ஆள் வராமல் பில் எட்டு மாதம் தூங்கியது. ஆட்களுக்குக் கூலி கொடுக்க அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. லேட்டானால் அபராதம் உண்டு, சீக்கிரம் முடித்தால் ஒன்றும் கிடையாதா? அப்புறம் எவன் ஓடி ஓடி வேலை செய்வான்?

இந்தக் கேள்வியோடு நம்ம லைப்ரரியில் புரட்டியபோது கிடைத்தவர்தான் ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ். நம்மைப் போல டிப்ளமோ கூடப் படிக்காத மகா இன்ஜினியர்!

1820-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். 13 வயதில் குடும்பத்தோடு செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்து இறங்கும்போதே, வந்த நீராவிப் படகு தீப்பிடித்து உடைமையெல்லாம் போச்சு. பையன் தெருவில் ஆப்பிள் விற்றான். பிறகு ஒரு கடையில் எடுபிடி வேலை. நல்ல மனம் படைத்த முதலாளி தன் புத்தக அலமாரியைத் திறந்து விட்டார். அதுதான் ஈட்ஸின் பாலிடெக்னிக்!

1842-இல், மூழ்கிய படகுகளின் சரக்கைத் தூக்கும் தொழிலில் இறங்கினார். தூக்கினால் பங்கு, தூக்காவிட்டால் கைக்காசு போச்சு. நீர்மூழ்கி மணிக்குள் நின்று மிசிசிப்பியின் அடித்தரையில் தானே நடந்தார். வெள்ளம் வேகமாக ஓடும்போது அடிமணலும் கூடவே ஓடுகிறது, வேகம் குறைந்தால் மணல் படிகிறது என்பதைக் காலால் படித்தார்.

1861-இல் உள்நாட்டுப் போர். ஏழு இரும்புக் கவசப் படகுகளை 65 நாளில் கட்டித் தர அரசோடு ஒப்பந்தம் போட்டார். தாமதித்தால் அபராதம். ஆனால் அரசு தன் பணத்தைத் தாமதமாகத்தான் கொடுத்தது! சொந்தக் காசையும் நண்பர்கள் காசையும் கொட்டினார். கெடு தவறியது, ஆனாலும் 1862 ஜனவரிக்குள் ஏழும் படையில் சேர்ந்தன. 1874-இல் மிசிசிப்பியின் மேல் அவர் கட்டிய எஃகு வளைவுப் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அவர் பெயரால் நிற்கிறது. அதன் அஸ்திவாரத்தில், அழுத்தக் காற்று அறைக்குள் வேலை செய்த பத்துப் பன்னிரண்டு தொழிலாளருக்கு மேல் உயிர் விட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். மிசிசிப்பி கடலில் கலக்கும் இடத்தில் மணல்மேடு. நியூ ஆர்லியன்ஸுக்கு வரும் கப்பல்கள் தட்டி நிற்கும். அரசு தூர் வாரி வாரிப் பார்த்தது. அடுத்த வெள்ளத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். தனியாகக் கால்வாய் வெட்டலாம் என்றார் இராணுவப் பொறியாளர்களின் தலைவர் ஹம்ஃப்ரீஸ். ஈட்ஸ் சொன்னது வேறு. இரு பக்கமும் கடலுக்குள் நீளக் கரை கட்டி ஆற்றை ஒடுக்கினால், வேகம் கூடி ஆறே தன்னைத் தோண்டிக் கொள்ளும். (இந்தக் கரைக்கு ஜெட்டி என்று பெயர். சிரிக்காதீர்கள், ஹார்பர் புத்தகத்திலும் அதுதான் பெயர்!)

யாரும் நம்பவில்லை. உடனே ஈட்ஸ் போட்டார் பாருங்கள் ஒரு நிபந்தனை: ஆழம் வராவிட்டால் ஒரு டாலர் கூட வேண்டாம்! 1875 மார்ச்சில் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. அவர் கேட்ட பெரிய தென்மேற்கு வாயைக் கொடுக்காமல், சின்னத் தென் வாயைக் கொடுத்தார்கள். மொத்தம் 52½ இலட்சம் டாலர். 20 அடி ஆழமும் 200 அடி அகலமும் வந்தால் முதல் 5 இலட்சம். பிறகு ஆழம் கூடக் கூட அடுத்தடுத்த தவணை. இலக்கு 30 அடி. 10 இலட்சம் டாலர் பிடித்தம். ஆழம் நிலைத்தால் பாதி 10 வருஷம் கழித்து, மீதி 20 வருஷம் கழித்து. பராமரிக்க ஆண்டுக்கு ஒரு இலட்சம் தனி.

எத்தனை கல், எத்தனை ஆள் என்று கேட்கவே இல்லை. பலனுக்குத்தான் காசு. அதனால் எப்படிச் செய்வது என்பது ஈட்ஸின் சுதந்திரம். வில்லோ மரக் கிளைகளைப் பாய் பாயாகக் கட்டி, கல்லைப் போட்டு அமிழ்த்தினார். ஆற்று வண்டல் இடுக்கில் புகுந்து அதைக் கெட்டிப்படுத்தியது. அரசு வேலையில் இப்படிச் சிக்கனமான யோசனைக்கு யார் மெனக்கெடுவார்கள்?

ஆனால் நண்பர்களே, கஷ்டம் அளவு எடுப்பதில் வந்தது. 1876-இல் இராணுவப் பொறியாளர் தரப்பிலிருந்து, கரைகளுக்கு வெளியே புது மேடு முளைக்கிறது என்று ஒரு செய்தி பரவியது. கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக் கொண்டார்கள். அந்த மே மாதத்தில், பதினான்கு அடிக்கு மேல் நீரில் அமிழ்ந்து வரும் ஹட்சன் என்ற கப்பல் ஜெட்டிகளுக்கு நடுவே தட்டாமல் புகுந்து வந்தது. வதந்திக்கு அதுவே பதில். அதே ஆண்டு 20 அடி வந்தது. இருந்தும் பணமுடை தீரவில்லை. 1878-இல் காங்கிரஸே சட்டத்தைத் திருத்தி முன்பணம் கொடுத்தது. அதே வருஷம் மஞ்சள் காய்ச்சல் வேறு. எல்லாம் தாண்டி 1879 ஜூலையில் 30 அடி! நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு உயிர் வந்தது.

1887-இல் பஹாமாஸில் ஈட்ஸ் காலமானார். 20 வருஷக் கெடு முடியும்வரை அவர் இல்லை. அவர் தோண்ட வைத்த ஆழம் இருந்தது. அவர் முதலில் கேட்ட தென்மேற்கு வாயிலும், அடுத்த நூற்றாண்டில் அரசே ஜெட்டி கட்டியது.

இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். ஊக்கத்தொகை என்றால் அவசரத்துக்குக் கொடுக்கும் போனஸ் மட்டும் இல்லை. பலன் அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அது ஒப்பந்தக்காரர் கையில் இருக்க வேண்டும். வேலை பிறகும் நிலைக்கிறதா என்று பார்க்கப் பிடித்தம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அளப்பவர் நடுநிலையாக, நேரத்தோடு அளக்க வேண்டும். இல்லையென்றால் ஈட்ஸ் போலக் கடன் வாங்க முடிந்தவர் மட்டுமே தாங்குவார். என் மாமா போன்றவர் வளையலை அடகு வைப்பார்.

நாளை நம்மில் பலர் கையில் எம்.புக் இருக்கும். டேப்பைப் பிடிக்கும் அந்தக் கை நம்ம கைதான். ஒரு நாள் தள்ளிப் போட்டால், எங்கேயோ ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. மறக்காதீர்கள் தோழர்களே!