குழந்தைக்காக ஆண்களும் ஃபோலிக் ஆசிட் சாப்பிடணுமா? மாத்திரைக்குப் பின்னால் இருக்கும் சுப்பாராவ் கதை

குழந்தைக்கு முயற்சி செய்யும் தம்பதி டாக்டரிடம் போனால், மனைவிக்கு முதலில் எழுதிக் கொடுப்பது ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. ஃபோலிக் ஆசிட். இப்போதெல்லாம் கணவருக்கும் ஒரு டப்பா சேர்ந்துகொள்கிறது. ஃபோலிக் ஆசிடும் ஜிங்க்கும் கலந்தது, விந்தணு எண்ணிக்கை கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். கூடுமா? அதைப் பார்க்கும் முன், அந்த மஞ்சள் மாத்திரையை உலகத்துக்குக் கொடுத்த ஆய்வகத்தின் தலைவரைத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையில் படித்தவர்தான்.

யெல்லப்பிரகட சுப்பாராவ், 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணம். படிப்பு ஒன்றும் சுலபமாக வரவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடி, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று கிளம்பினார். அம்மா விடவில்லை, பிடித்து இழுத்துவந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது தடவைதான் தேறினார். அப்புறம் சாமியாராகப் போகிறேன் என்றார், அதற்கும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் மாமனார் உதவியோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி சொன்னார் என்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வெல்லாம் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கையில் வந்தது.

அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு பெரிய இடி. ஸ்ப்ரூ என்கிற வயிற்றுநோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ரத்தம் சுண்டிப்போகும், ஆள் எலும்பாகிவிடுவார். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து அதற்குப் பலியானார்கள். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார்.

ஹார்வர்டில் படிப்பு, கையில் காசில்லை. ராத்திரியில் ஆஸ்பத்திரியில் போர்ட்டர் வேலை பார்த்தார். பகலில் சைரஸ் ஃபிஸ்கேவின் ஆய்வகம். இரண்டு பேரும் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார்கள். அடுத்து, தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை 1929-ல் கண்டார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டு தனியாகக் கண்டுபிடித்தார். விந்தணு வாலை அசைத்து நீந்துவதும் இந்த ஏ.டி.பி. கொடுக்கும் சக்தியில்தான். ஆண்களின் விஷயத்தில் சுப்பாராவுக்கு இருக்கும் நிஜமான பங்கு எது என்று கேட்டால், மாத்திரையைவிட இதைச் சொல்வதுதான் பொருத்தம்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் பக்கத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குப் போனார். அவர் தலைமையில் இருந்த குழு 1945-ல் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகச் செய்துகாட்டியது. பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று முன்பே காட்டியிருந்தார். அந்தச் சத்துதான் இப்போது மாத்திரையாகக் கிடைத்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறியது, ஆட்கள் தேறினார்கள். அண்ணன் தம்பி போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செல் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. செய்ய இந்தச் சத்து வேண்டும். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. அதனால்தான் முன்கூட்டியே மாத்திரை. ஏற்கெனவே அந்தக் குறையோடு குழந்தை பிறந்த பெண்களுக்கு இதைக் கொடுத்தபோது, மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்ததாக 1991-ல் வந்த ஆய்வு காட்டியது.

சரி, ஆண்கள்? விந்தணுவும் ஓயாமல் பிரியும் செல்லிலிருந்து வருவதுதானே, அவர்களுக்கும் உதவாதா என்பது நியாயமான கேள்வி. 2002-ல் நெதர்லாந்தில் வந்த சிறு ஆய்வில், குறைபாடுள்ள ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிடும் ஜிங்க்கும் கொடுத்தபோது நல்ல விந்தணுக்களின் எண்ணிக்கை 74 சதவீதம் கூடியது. டப்பாக்களுக்குத் தைரியம் கொடுத்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. பிறகு அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பெரிதாகச் செய்தார்கள், முடிவு 2020-ல் வந்தது. ஆண்களில் பாதிப் பேருக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிடும் 30 மில்லிகிராம் ஜிங்க்கும் தினமும் 6 மாதம், மீதிப் பேருக்குச் சத்தில்லாத போலி மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவர்கள் பக்கம் 34 சதவீதம் பேருக்குக் குழந்தை, சாப்பிடாதவர்கள் பக்கம் 35. விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு எதிலும் வித்தியாசமில்லை. விந்தணுவின் டி.என்.ஏ. உடைவு மட்டும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கொஞ்சம் அதிகம், வயிற்று உபாதையும்தான். டப்பாவுக்குச் செலவழிக்கும் முன், விந்துப் பரிசோதனை செய்து, விதைப்பையில் நரம்பு சுருண்டிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுவது உருப்படியான வேலை. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், எந்தச் சிகிச்சைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

லெடர்லே குழு ஃபோலிக் ஆசிடுக்கு எதிரிடையாக வேலை செய்யும் மருந்துகளையும் செய்தது. அதை வைத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் சிலரைத் தற்காலிகமாகத் தேற வைத்தார். மூட்டுவாதத்துக்கு இன்று கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் அந்த வகைதான். அதைச் சாப்பிடும் ஆண், குழந்தைக்கு முயற்சி செய்வதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுப்பாராவ் இதில் பெரும்பாலானதைப் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்ட் 8-ம் தேதி இரவு தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார், வயது 53. கப்பலேறிய பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை. அவருடைய ஆண் குழந்தை ஒரு வயது ஆகும் முன்பே இறந்துபோயிருந்தது. சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவில்லை.