ஹாலே பள்ளியின் பழைய மாணவர் - சுவார்ட்ஸ் ஐயர்

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சரபோஜி மன்னரைக் குறிப்பிடாமல் இருக்க மாட்டோம். சரபோஜியை ஆளாக்கியவர் ஒரு ஜெர்மன் பாதிரியார் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாதிரியார் எங்கே படித்தார், படித்ததில் எதைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தார் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சுவார்ட்ஸ் ஐயர் என்று நம்மவர்கள் அழைத்த கிறிஸ்டியான் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸின் வாழ்க்கையை அந்தக் கேள்வியை முன்வைத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அவர் படித்த ஊர். ஜெர்மனியில் ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே நகரத்தை இசை ரசிகர்கள் ஹாண்டெல் பிறந்த ஊராக அறிவார்கள். தமிழ் அச்சு வரலாற்றிலும் அந்த ஊருக்கு இடமுண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகள் ஹாலேயிலிருந்துதான் 1713-ல் வந்து சேர்ந்தன. அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் அங்கேதான் அச்சானது.

இவற்றுக்கெல்லாம் பின்னால் நின்றவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பேராசிரியர். 1695-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். பிறகு அநாதை விடுதி, லத்தீன் பள்ளி, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி, அச்சகம், மருந்துச்சாலை என்று அது வளர்ந்துகொண்டே போனது. 1727-ல் அவர் இறந்தபோது அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மொராவிய சபையின் தலைவராகப் பின்னாளில் பெயர் பெற்ற சின்சென்டார்ஃப் பிரபு அங்கே படித்தவர்தான். லத்தீன் பள்ளியின் வழிவந்த லாட்டினா என்ற அரசு உயர்நிலைப் பள்ளி இன்றும் அதே வளாகத்தில் நடக்கிறது.

அந்தப் பள்ளிகளின் வழக்கங்களில் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். முதலாவது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழை மாணவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்கு இலவசச் சாப்பாடு. நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை இது எனக்கு நினைவுபடுத்துகிறது. இரண்டாவது, பாடம் புத்தகத்தோடு முடிந்துவிடாது. தோட்டம், கைத்தொழில், வானியல் என்று பலதும் உண்டு. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த பொருட்களைச் சேர்த்து வைத்த காட்சியறை ஒன்றும் இருந்தது. நம் ஊரிலிருந்து போன ஓலைச்சுவடிகளை ஹாலேயில் இன்றும் காணலாம்.

சுவார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். இப்போது அது போலந்து நாட்டில் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். மகனை இறைப்பணிக்கு விட வேண்டும் என்று அந்தத் தாய் சாகும்போது கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஊர்ப் பள்ளியிலும் கூஸ்ட்ரினிலும் படித்துவிட்டு, 1746-ல் ஹாலேக்கு வந்தார். கொஞ்ச காலம் லத்தீன் பள்ளியில் தங்கிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வழக்கப்படி சின்னப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு பெஞ்சமின் ஷூல்ட்சே. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, சீகன்பால்கு பாதியில் விட்டுச் சென்ற பைபிள் மொழிபெயர்ப்பை முடித்து, 1743-ல் ஊர் திரும்பியவர் அவர். ஹாலேயில் தமிழ் பைபிளை அச்சிடத் திட்டம் இருந்தது. அதற்கு உதவியாகத் தமிழ் கற்றுக்கொள்ளும்படி சுவார்ட்ஸிடம் சொன்னார்கள். அச்சிடும் திட்டம் நின்றுபோனது. ஆனால் கற்ற தமிழ் நின்றது. காவிரியைப் பார்க்காத ஓர் இளைஞர் ஸாலே கரையில் உட்கார்ந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தமிழ் படித்திருக்கிறார்.

ஃபிராங்கேயின் மகன் கோட்ஹில்ஃப் ஃபிராங்கே அவரை இந்தியாவுக்குப் போகச் சொன்னார். சுவார்ட்ஸ் தகப்பனாரிடம் அனுமதி கேட்கப் போனார். யோசித்துச் சொல்ல அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, ஆசீர்வதித்து அனுப்பினார். சொத்தில் தம் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, 1749-ல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அந்த நவம்பரிலேயே தமிழில் முதல் பிரசங்கம் செய்தார். பிறகு அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

தரங்கம்பாடியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திருச்சிக்குப் போனார். அங்கே ஆங்கிலப் படைக்குக் குருவாக இருந்ததற்குக் கம்பெனி கொடுத்த பணத்தைப் பள்ளிக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டார். 1778-ல் தஞ்சையில் குடியேறினார். தமிழோடு மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம், போர்த்துக்கீசியம் ஆகியவையும் அவருக்குத் தெரியும். இதனால்தான் 1779-ல் சென்னை ஆளுநர் ரம்போல்ட் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். சமாதானத்துக்குத்தான் போகிறோம் என்று நம்பிப் போனார். அடுத்த ஆண்டே போர் வந்துவிட்டது. ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த முந்நூறு ரூபாயைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஆங்கிலப் பள்ளி ஒன்று கட்டுவதற்கு முதல் நிதியாக ஆக்கினார். கம்பெனியின் பெரிய எதிரி கொடுத்த பணத்தில் ஆங்கிலப் பள்ளி என்பது வேடிக்கைதான்.

அந்தப் போரில் ஹைதரின் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. கோட்டைக்குள் நெல் இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டுக்கும் கூலி கிடைக்காத விவசாயிகள் மன்னரின் பேச்சையோ கம்பெனியின் பேச்சையோ நம்பத் தயாராக இல்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகே மாடுகள் வந்தன, நெல் வந்தது. சொன்னபடி பணத்தையும் வாங்கிக்கொடுத்தார். பின்னாளில் வரிக்கொடுமையால் ஊரைவிட்டு ஓடியவர்களும் அவர் சொல்லை நம்பி ஆயிரக்கணக்கில் திரும்பிவந்து உழுதார்கள்.

இனி, பள்ளிகள். ஹாலேயிலிருந்து வந்த மிஷனரிகள் தரங்கம்பாடியில் தமிழ்ப் பள்ளிகளையே முதன்மையாக நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது அவர்கள் கொள்கை. சுவார்ட்ஸும் அதை விடவில்லை. ஆனால் 1784, 85-ல் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவனோடு சேர்ந்து வேறொன்றையும் தொடங்கினார். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களிலும் உள்ளூர்ப் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளிகள். 1787-ல் கம்பெனி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 பகோடா உதவித்தொகை அனுமதித்தார்கள். மெக்காலேயின் குறிப்பு 1835-ல்தான் வந்தது. அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு முன்பே தமிழ்நாட்டில் கம்பெனி பணத்தில் ஆங்கிலப் பள்ளி நடந்திருக்கிறது. அதை நடத்தியவர் ஆங்கிலேயர் அல்லர். தம் நாட்டிலேயே தமிழ் கற்றுக்கொண்டு வந்த ஜெர்மானியர்.

ஆங்கிலம் தெரிந்தால் அதிகாரிகளும் மக்களும் துபாஷிகளை நம்பியிராமல் நேராகப் பேசிக்கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பள்ளிகளில் தமிழும் கணக்கும் உண்டு. படித்தவர்களில் பலர் பிராமணப் பிள்ளைகள். மதம் மாறாமலே படித்து, வேலைக்குப் போனார்கள். கடல் தாண்டி வந்து வாழும் நம்மில் பலருடைய கல்விக்கும் வேலைக்கும் வழி அங்கே தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் தமிழ் பின்னால் போன கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

அவர் மாணவர்களில் இருவரைச் சொன்னால் போதும். முதல்வர் சரபோஜி. வாரிசில்லாத துளஜாஜி மன்னர் 1787-ல் பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி சுவார்ட்ஸிடம் கேட்டார். சுவார்ட்ஸ் முழுப்பொறுப்பை ஏற்கத் தயங்கி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைக் காப்பாளராக வைக்கச் சொன்னார். மன்னர் இறந்ததும் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, அமர்சிங்கே மன்னரானார். சிறுவன் அரண்மனையில் அடைபட்டுக் கிடந்தான், படிப்பும் இல்லை. சுவார்ட்ஸ் விடாமல் கம்பெனிக்கு எழுதினார். 1793-ல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஹாலேயில் படித்த இன்னொருவரான கெரிக்கேயிடம் பாடம் கேட்டார்.

இரண்டாமவர் வேதநாயகம் சாஸ்திரியார். திருநெல்வேலியில் 1774-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் அவரைச் சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்தார். இருபது வயதுக்குள் அவரே பள்ளியில் ஆசிரியர் ஆகிவிட்டார். ஹாலேயின் சட்டாம்பிள்ளை முறை இங்கேயும் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. மன்னருக்குக் கோட்டையும் அரண்மனையும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மிச்சம். மாணவனுக்கு அரியணை வாங்கிக்கொடுக்க ஆசிரியர் நம்பிய கம்பெனிதான் நாட்டை எடுத்துக்கொண்டது. சுவார்ட்ஸ் தமக்கென்று ஒரு காசு சேர்க்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை கம்பெனிக்கும் பயன்பட்டது. இதையும் சொல்லாவிட்டால் அவர் வாழ்க்கையைப் பாதிதான் சொன்னதாகும்.

நாடு போன மன்னர் என்ன செய்தார்? ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய நூல்களையும் வாங்கி நூலகத்தைப் பெருக்கினார். 1805-ல் தேவநாகரி அச்சகம் நிறுவினார். தன்வந்திரி மகாலில் வைத்திய ஆராய்ச்சி நடத்தினார். பறவைகளையும் செடிகளையும் படமாக வரையச் செய்தார். ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பள்ளி வைத்தார். மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி எழுதி, அதில் உலக நாடுகளின் பூகோளத்தைக் குறத்தியின் வாயிலாகச் சொன்னார். வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைத் தமிழில் எழுதி, அதில் கோபர்நிக்கஸின் வானியலைச் சேர்த்தார். இந்த இருவரின் படைப்புகளிலும் ஹாலே கல்விமுறையின் சாயல் இருப்பதை ஆராய்ச்சியாளர் இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சாஸ்திரியார் கிறித்தவராக இருந்துகொண்டே, சுவார்ட்ஸுக்குப் பின்னால் வந்த மிஷனரிகளோடு பாட்டு, வழிபாட்டு முறை, சாதி வழக்கம் ஆகியவற்றில் மோதினார். சாதி விஷயத்தில் அவர் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆக, ஆசிரியரின் விருப்பப்படி இருவருமே முழுக்க நடக்கவில்லை. ஆனால் படித்ததை இருவரும் விட்டுவிடவில்லை. புதிதாகக் கற்ற உலகத்தைக் குறவஞ்சிக்குள், தங்கள் நாட்டுப் பாட்டுக்குள், கொண்டுவந்து வைத்தார்கள். ஆங்கிலத்தில் படித்தால் தாய்மொழியைக் கைவிட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே இல்லை.

தஞ்சை சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிற்பம் ஒன்று இருக்கிறது. சரபோஜி அதை வரவழைத்து வைத்தார். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ், அருகில் அவர் கையைப் பிடித்தபடி மன்னர். தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலையும் சரஸ்வதி மகாலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஆலயத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.