தஞ்சாவூர்ச் சந்துகளில் நடந்த சீமைப் பேராசிரியர்

கெட்டிக்காரனையும் முரடனையும் கண்டால், அவன் பெரிய எம்டன் என்று நம் ஊரில் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க் கப்பல். 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு அது சென்னை மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன.

அடுத்த மாதம் அதே எம்டன், மினிக்காய்த் தீவுக்கு மேற்கே கிளான் கிராண்ட் என்ற ஆங்கிலக் கப்பலை மூழ்கடித்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த பெட்டிகள் பல அதோடு கடலுக்குள் போய்விட்டன.

பெட்டிகளில் இருந்தது பொன் அல்ல. துப்பாக்கியும் அல்ல. ஊர்களின் படங்கள்! உலகத்து நகரங்களின் வரைபடங்களை ஒரு மனிதர் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்திருந்தார். அத்தனையும் ஒரே நாளில் தண்ணீரோடு போயின.

அந்த மனிதர் பாட்ரிக் கெட்டிஸ். ஊரை எப்படித் திருத்துவது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் பாடம் சொன்ன ஊர்களில் நம் தஞ்சாவூரும் ஒன்று.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை

கெட்டிஸ் 1854-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். தந்தை பட்டாளத்துக்காரர். பெர்த் என்ற ஊரில், மலைச் சரிவில் குடியேறித் தோட்டம் போட்டார். மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று செடிகளைக் காட்டினார். நடந்து பார்த்து அறிவதே அந்தப் பிள்ளைக்கு முதல் பள்ளிக்கூடம் ஆயிற்று.

பெரியவனானதும் லண்டனுக்குப் போனார். புகழ் பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குப் போனார். அங்கே அவர் கண் பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். வயது 25. மைக்ராஸ்கோப்பை நம்பி வாழ நினைத்தவருக்கு அதைவிடப் பெரிய அடி எது?

பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்க்கக் கண் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பெரிய உயிர் ஒன்றை ஆராயத் தொடங்கினார். அதுதான் ஊர்!

இடிந்த வீட்டில் குடித்தனம்

1886-ல் அன்னா என்ற பெண்ணை மணந்தார். அன்னா பணக்கார வணிகர் வீட்டுப் பெண். புதுத் தம்பதிகள் எங்கே குடியேறினார்கள் தெரியுமா? எடின்பரோ நகரின் பழைய பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில்.

இருவரும் விளக்குமாற்றையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்தார்கள். குப்பையை வாரினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்த அண்டை வீட்டாரும் பிறகு கை கொடுத்தார்கள். வெறுமனே கிடந்த மூலை முடுக்குகள் சிறு தோட்டங்களாயின. பின்னாளில் மகள் நோராவும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார்.

யாரையும் விரட்டாமல் ஊரைத் திருத்தலாம் என்று அங்கே கண்டுகொண்டார் கெட்டிஸ். வேலைக்குப் பெயர், டண்டி கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். மனம் முழுவதும் ஊர்கள் மேலேயே இருந்தது.

தஞ்சைக் கோட்டைக்குள்

சென்னைக் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். 60 வயதில் கெட்டிஸ் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மகன் அலாஸ்டேரும் கூட வந்தார். வேறு கப்பலில் வந்த படங்களைத்தான் எம்டன் விழுங்கியது.

அவர் திரும்பிப் போகவில்லை. சீமையில் இருந்த நண்பர்கள் வேறு படங்களைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது.

பிறகு மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். தஞ்சாவூருக்கும் வந்தார்.

தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். சந்துகள் குறுகல். சாக்கடை சரியில்லை. இதற்கு அந்தக் காலத்து இஞ்சினீயர்கள் அறிந்த மருந்து ஒன்றே ஒன்று. படத்தின் மேல் ரூல்தடியை வைத்து நேர்கோடு போடுவது. கோடு போன இடமெல்லாம் ரோடு. நடுவில் வரும் வீடுகள் தரைமட்டம்.

வீடு இழந்தவன் எங்கே போவான்? பக்கத்துச் சந்தில் போய் ஒண்டிக்கொள்வான். அங்கே நெரிசல் இரட்டிப்பாகும். ஒரு சந்தைச் சுத்தம் செய்து இன்னொரு சந்தைக் கெடுத்த கதைதான்!

கெட்டிஸ் ரூல்தடியைத் தொடவில்லை. கால் நோக வெயிலில் நடந்தார். எந்த வீடு பாழடைந்து கிடக்கிறது, எந்த மரத்தடியில் ஜனங்கள் உட்காருகிறார்கள், எங்கே கோயில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு தன் வழியைச் சொன்னார். இடிந்து விழுந்த ஒரு சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும். அந்த இடம் சிறு திடலாகட்டும். அதில் மரம் நடலாம். குழந்தைகள் விளையாடலாம். காற்றும் வெளிச்சமும் தாமாக வரும். நடந்து போகிறவர்களுக்குச் சந்தே நல்ல பாதை. எல்லாச் சந்தையும் வண்டிப் பாதையாக்க வேண்டியதில்லை. இதில் செலவும் குறைவு; கண்ணீரும் குறைவு.

இதற்கு அவர் வைத்த பெயர் ரண சிகிச்சை. ஆனால் உடம்பைக் காத்துச் செய்யும் ரண சிகிச்சை. நல்ல டாக்டர் விரலில் புண் என்றால் கையை வெட்டமாட்டார் அல்லவா?

தஞ்சாவூர்த் திட்டத்தின் வரைபடம் 1947-ல் லண்டனில் வெளியான ஒரு புத்தகத்தில் இடம் பெற்றது. நகர் அமைப்புப் படிக்கும் மாணவர்கள் பல நாடுகளில் அதைப் பார்த்துப் பாடம் கற்றார்கள்.

குளத்தை மூடலாமா?

அந்த நாளில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து, ஊர்க் குளங்களை மண் போட்டு மூடும் எண்ணம் அதிகாரிகளிடம் இருந்தது.

கெட்டிஸ் அதைத் தடுத்துப் பேசினார். குளத்தைச் சுத்தமாக வைத்து மீன் விட்டால், கொசுப் புழுவை மீன் தின்றுவிடும். குளம் இருந்தால் ஊர் குளிர்ந்திருக்கும் என்றும் எடுத்துச் சொன்னார்.

காவிரி நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஐப்பசி மழையைக் குளம் வாங்கிக்கொள்ளாவிட்டால் தெரு வாங்கிக்கொள்ளும். தஞ்சை சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன் குளத்துக்குப் பூமிக்கு அடியில் தண்ணீர் போகும் பழைய வழி உண்டு. அந்த அய்யன் குளம் அண்மை ஆண்டுகளில்தான் சீராக்கப்பட்டது.

கோயில் நடுவில், சுற்றித் தேர் ஓடும் வீதிகள், இடையிடையே குளமும் நந்தவனமும் என்ற நம் ஊர் அமைப்பு அவர் மனத்தைக் கவர்ந்தது. தமிழ்நாட்டுக் கோயில் நகரங்களைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

இரண்டு இடிகள்

1917-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். பிரான்சுப் போர்முனையில் மகன் அலாஸ்டேர் குண்டுக்குப் பலியானார். அப்போது அன்னா இந்தியாவில் நோயாய்ப் படுத்திருந்தார்.

மகன் இறந்த செய்தியைக் கெட்டிஸ் மனைவியிடம் சொல்லவில்லை. துக்கத்தை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஜூன் மாதம் அன்னாவும் கண்ணை மூடினார். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு போனார்.

தனி மனிதராகிவிட்ட கெட்டிஸ் வேலையை விடவில்லை.

எலிக்குக் கொள்ளி

இந்தூரில் பிளேக் நோய் பரவியிருந்தது. அங்கே தீபாவளி ஊர்வலம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். எந்தத் தெருவில் வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். உடனே தெருவுக்குத் தெரு போட்டி! வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது.

ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுத்தி, மாலை அணிந்து வந்தார்கள். பெரிய எலிப் பொம்மை கொளுத்தப்பட்டது. ஜனங்களுக்குத் துளசிச் செடி வழங்கப்பட்டது.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வரலாற்றையும் எழுதினார். டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி பிரான்சு நாட்டில் காலமானார்.

இன்று ஊரைத் திருத்த எத்தனையோ இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் கெட்டிஸ் பயன்படுத்திய கருவி விலையில்லாதது. இரண்டு கால், இரண்டு கண்.

இன்று மாலை உங்கள் பிள்ளையைக் கைப்பிடித்து உங்கள் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த மூலையில் குப்பை, எந்த இடத்தில் மரம் வைக்கலாம், எந்தக் குளம் தூர்ந்து கிடக்கிறது என்று பிள்ளையே சொல்லும். அங்கிருந்துதான் ஊர் திருந்தத் தொடங்குகிறது.