ஓர் அணா டிபனில் தொடங்கிய கதை: யார் இந்த பிட்டி தியாகராயர்?

மரக்காணம் உப்பளங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். அப்பா, அம்மா பாத்திக்குப் போனபின் கிளம்பும் பிள்ளைக்கு, அரசுத் தொடக்கப் பள்ளியில் இன்னிக்கு உப்புமாவோ பொங்கலோ காத்திருக்கிறது. இதற்கான விதை 100 வருஷத்துக்கு முன்பே சென்னையில் போடப்பட்டது.

போட்டவர் பிட்டி தியாகராயர். 1852-ல் நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவர். 1920-ல் சென்னை மாகாண முதல் அமைச்சர் பதவி தேடி வந்தும் மறுத்துவிட்டார்.

மாநகராட்சித் தலைவராக அவர் கவனித்தது ஆயிரம் விளக்கு பள்ளியை. ஏழைப் பிள்ளைகள் சரியாக வரவில்லை, காரணம் வறுமை. 1920 செப்டம்பர் 16-ல் தீர்மானம் வந்தது: மாணவர் ஒருவருக்குத் தினமும் ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி. பிறகு மேலும் 4 பள்ளிகளுக்கும் போனது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, இரண்டே வருஷத்தில் 1,671 ஆனது.

ஆனால் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு அனுமதி மறுக்க, 1925-ல் திட்டம் நின்றது. அதே வருஷம் தியாகராயரும் மறைந்தார்.

யோசனை மட்டும் நிற்கவில்லை. 1950-களில் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று வளர்ந்துகொண்டே வந்தது.

தி.நகர் போகும் பலருக்குத் தெரியாது, அந்த ‘தி’ இவர்தான்.